நாள்பட்ட வலியால் தூக்கம் கெட்டுவிட்டது, விடியற்காலையில் பயங்கரக் கனவுகள் வேறு. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வியில் "என்னை எழுப்புவது வலியா கனவா என்றே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வருடக்கணக்கில் நானும் இதையே கேட்டுக்கொண்டு கிடந்தவன்.

வயது 39. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இருபத்தொன்பது வயதில் புட்டத்தில் வலி ஆரம்பித்தது, ஒரு வாரம் இடது பக்கம், அடுத்த வாரம் வலது பக்கம். நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தால் அப்படித்தான் என்றார்கள். டிஸ்க் என்றார்கள். பெல்ட் போட்டேன், எண்ணெய்க் கட்டு போட்டேன், கட்டில் மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கோரைப்பாயில் படுத்தேன். ஆறு வருடம் இப்படியே ஓடியது. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு மூட்டுவாத மருத்துவர் (எலும்பு மருத்துவர் வேறு, இவர் வேறு, இது தெரியவே எனக்கு அத்தனை வருடம் ஆனது) ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு கேள்வி கேட்டார். ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது? எழுந்து நடந்தால் வலி குறைகிறதா, கூடுகிறதா? மூணு, மூணரை சார், நடந்தால் குறையும் என்றேன். அப்போதே அவர் முகத்தில் பதில் தெரிந்துவிட்டது. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். முதுகெலும்பும் இடுப்பு மூட்டும் அழற்சியால் இறுகிப்போகிற ஒருவகை வாதம். ஓய்வெடுத்தால் கூடும், அசைந்தால் குறையும். நான் அத்தனை வருடமும் செய்தது நேர்மாறாக.

சரி, கனவுக்கு வருகிறேன்.

எனக்கு அடிக்கடி வந்த கனவு இது. பட்டறையில் ஒரு பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பேன், ஜாக்கி நழுவும், சேஸிஸ் மெதுவாக இறங்கி என் இடுப்பில் வந்து உட்காரும். கத்துவேன், ரிவெட் அடிக்கிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது. நான் ஒருநாள்கூட பஸ்ஸுக்கு அடியில் போனவன் இல்லை, ரெஜிஸ்டரைத் தவிர எதையும் தூக்கியதும் இல்லை. முழித்துப் பார்த்தால் கனவில் அழுத்திய அதே இடத்தில் நிஜமாகவே வலிக்கும். என் அத்தையிடம் ஒருமுறை சொல்லிவிட்டேன், அது பெரிய தப்பு. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று சொல்லி, பட்டறை வேலையை விடு என்று ஒரே பிடி.

அந்த மருத்துவர் சொன்ன கணக்கு எனக்குப் புரிந்த அளவில் இதுதான். தூக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை, சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். மூடிய இமைக்குள் கண் வேகமாக உருளும் கட்டம் ஒன்று உண்டு, ரெம் தூக்கம் என்பார்கள், 1953-இல் சிகாகோவில் கண்டுபிடித்தது. கதைபோல நீளும் கனவெல்லாம் பெரும்பாலும் அதில்தான். விடிய விடிய அந்தக் கட்டம் நீண்டுகொண்டே போகும். எல்லோருக்கும்தான் கனவு வருகிறது, தூங்கிக் கடந்துவிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஞாபகம் இருப்பதில்லை. என் நோயோ பின்னிரவில் கூடுகிற நோய். கனவு நீளுகிற நேரமும் இடுப்பு இறுகுகிற நேரமும் ஒன்றாக இருப்பதால், கனவின் நடுவில் வலி வந்து தட்டி எழுப்புகிறது, கனவு சுடச்சுட ஞாபகத்தில் நிற்கிறது. அத்தையின் 'பலிக்கும்' கணக்குக்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். விடியற்காலைக் கனவுதானே நினைவில் இருக்கிறது, அதுதானே பலிக்கவும் முடியும்!

ஆக எழுப்புவது வலி. இது தெரிந்த பிறகு கனவின் மேலிருந்த பயத்தில் பாதி போய்விட்டது.

மீதிப் பாதியில் என் முட்டாள்தனம் கொஞ்சம் உண்டு. டிஸ்க் என்று நினைத்த காலத்தில் ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம் கொடுத்திருந்தார்கள். இது மனச்சோர்வுக்கான மாத்திரை என்று நண்பன் ஒருவன் சொல்ல, எனக்கென்ன பைத்தியமா என்று ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். (நரம்பு வலிக்கும் குறைந்த அளவில் அதையே தருவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.) அந்த மாத்திரை ரெம் தூக்கத்தை அமுக்கி வைக்கும், சட்டென்று நிறுத்தினால் அமுங்கிக் கிடந்தது மொத்தமும் திமிறிக்கொண்டு வரும். அந்த இரண்டு வாரம் வந்த கனவுகளை இங்கே எழுத மாட்டேன். ஒருநாள் கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரில் அமுக்குவான் பேய் என்பார்களே, அதுதான். ரெம் தூக்கத்தில் உடம்பு தானாகவே செயலிழந்து கிடக்கும், மூளை முந்திக்கொண்டு விழித்துவிட்டால் இப்படி ஆகும், தூக்கம் கெட்டவர்களுக்கு அதிகம். ஓரிரு நிமிடத்தில் விட்டுவிடும். ஆனால் அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே...

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது மாத்திரைச் சீட்டை எடுத்துப் பார்ப்பது. டுலோக்ஸெடின், டிரமடால், பிபிக்குக் கொடுக்கிற ப்ரொப்ரனலால் போன்றவை சிலருக்குக் கனவைக் கிளப்பிவிடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், கொடுத்தவரிடம் போய்க் கனவு வருகிறது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். மருத்துவரிடம் கனவைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். அப்புறம் 'ரெண்டு பெக் போட்டால் தூக்கம் வரும்' என்கிற வைத்தியம். நானும் பார்த்தேன். முன்னிரவில் தூக்கும், பின்னிரவில் இறக்கிவிட்டுவிடும், கனவு இரட்டிப்பாகும். வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றுப்புண் தனி.

எனக்கு உண்மையில் பலன் தந்ததைச் சொல்கிறேன். காலையில் போட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரையை மருத்துவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றினார், பின்னிரவில் வேலை செய்கிற மாதிரி. அவ்வளவுதான், அதற்கே மூணு மணி முழிப்பு வாரத்தில் இரண்டு மூன்று நாளாகக் குறைந்தது. மாத்திரையின் வகைக்கு வகை நேரக் கணக்கு மாறும், கேட்டுச் செய்யுங்கள். கோரைப்பாயை விட்டுத் தேங்காய்நார் மெத்தைக்கு வந்தேன், எங்கள் பக்கத்துப் பாய் என்கிற பாசம் தடுத்தாலும். தலைக்கு மெல்லிய தலையணை, ஒருக்களித்தால் முழங்கால்களுக்கு நடுவில் இன்னொன்று. முழிப்பு வந்தால் புரண்டு புரண்டு படுப்பதில்லை. எழுந்து ஹாலில் பத்து நிமிடம் நடப்பேன், வெந்நீர்ப் பை வைப்பேன், தூக்கம் கண்ணைச் சுற்றினால்தான் மறுபடி படுக்கை. மணி பார்ப்பதை விட்டேன். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் 'இன்னும் ரெண்டு மணி நேரம்தான் இருக்கு' என்று கணக்குப் போட ஆரம்பித்தால் என்னைப் போன்ற கணக்குப்பிள்ளைக்கு அதற்குமேல் தூக்கம் வராது.

கஷ்டமாக இருந்தது படுக்கும் நேரத்தைக் குறைத்தது. வலிக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன், தூக்கம் போதவில்லை என்று ஒன்பதுக்கே படுத்து ஆறு வரை கிடப்பேன். ஒன்பது மணி நேரம் படுக்கை, ஐந்து மணி நேரம் தூக்கம், அதுவும் துண்டு துண்டாக. பதினொன்றரைக்குப் படு, ஐந்தரைக்கு எழு, பகலில் தலை சாய்க்காதே என்றார்கள். முதல் பத்து நாள் ஆபீஸில் கூட்டல் எல்லாம் தப்பு. வண்டியை வீட்டில் போட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போனேன், நீங்களும் அந்த நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள். மூன்றாவது வாரம் துண்டுகள் ஒட்ட ஆரம்பித்தன, பிறகு கால் மணி கால் மணியாக நேரத்தைக் கூட்டிக்கொண்டோம். வலிப்பு நோயோ இருதுருவ மனநோயோ இருப்பவர்கள் இதைத் தாங்களாகச் செய்யக்கூடாது.

கனவில் நிஜமாகவே கை கால் உதைத்துப் பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்தாலோ, குறட்டை நடுவில் மூச்சு நின்று திணறினாலோ அது வேறு விஷயம், சீக்கிரம் காட்டுங்கள். தூக்கமில்லாத ராத்திரிகளில் மனது இருட்டான பக்கம் போனால் 14416-க்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ், அரசு நடத்துவது, தமிழிலும் பேசலாம்.

திரும்பத் திரும்ப வரும் கனவுக்கு ஒரு பயிற்சி உண்டு. பகல் வெளிச்சத்தில் அந்தக் கனவை எழுதி, முடிவை உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றி, தினமும் பத்து நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. எனக்குச் சிரிப்பாக இருந்தது. இருந்தாலும் எழுதினேன்: ஜாக்கி நிற்கிறது, நான் ஊர்ந்து வெளியே வருகிறேன், டீக்கடைப் பையன் டீ நீட்டுகிறான். மூன்று வாரம் கழித்து அந்தக் கனவு வருவது குறைந்தது. பிறகு ஒருமுறை வந்தபோது பஸ்ஸுக்கு அடியில் கிடந்தபடியே 'டீ எங்கடா' என்று கேட்டிருக்கிறேன், மனைவி சொல்லித்தான் தெரியும்.

இன்னொரு கனவும் அடிக்கடி வரும். இறந்துபோன அப்பா திண்ணையில் உட்கார்ந்து, சில்லறை இருக்கா என்று கேட்பார், பையைத் துழாவுவதற்குள் இடுப்பு வலித்து முழித்துவிடுவேன். அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.