சுவிட்சில் ஐபியும் ஸ்டாட்டிக் ரூட்டும்: உங்கள் கேள்விகள்

இந்த முறை கேட்டவர்களில் பலரிடம் இருப்பது சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்ச். ஆகவே கட்டளைகளை அதன் வழக்கப்படியே சொல்கிறேன்.

கேள்வி: 24 போர்ட் சுவிட்ச் வாங்கினோம். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஐபி முகவரி கொடுக்கப் பார்த்தால் ஏற்க மறுக்கிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. லேயர் 2 சுவிட்ச் மேக் முகவரியை, அதாவது கருவியின் நெட்வொர்க் கார்டுக்கு உரிய வன்பொருள் எண்ணைப் பார்த்தே வேலை செய்கிறது. அதன் போர்ட்டுக்கு ஐபி தேவையே இல்லை. நீங்கள் வேறிடத்திலிருந்து அதனுள் நுழைந்து நிர்வகிக்க மட்டுமே ஐபி வேண்டும். அதை ‘இன்டர்ஃபேஸ் விலான்’ ஒன்றில் கொடுங்கள், போதும். (விலான் என்பது சுவிட்சுக்குள் பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்.) நெட்வொர்க்குகளுக்கிடையே வழிகாட்டவும் தெரிந்த லேயர் 3 சுவிட்ச் என்றால், போர்ட்டில் ‘நோ சுவிட்ச்போர்ட்’ அடித்த பிறகு ஐபியை ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி: விலான் 20-க்கு ஐபி கொடுத்து ‘நோ ஷட்டவுன்’ அடித்தும் அது டவுன் என்றே காட்டுகிறது.

பதில்: விலான் 20-ஐ முதலில் உருவாக்கினீர்களா? உருவாக்கியிருந்தால், அதில் உயிரோடு இருக்கும் போர்ட் ஒன்றாவது வேண்டும். ஒரு மடிக்கணினியைச் செருகிப் பாருங்கள்.

கேள்வி: ‘ஐபி டீஃபால்ட் கேட்வே’ கொடுத்திருந்தேன், நன்றாக இருந்தது. ‘ஐபி ரூட்டிங்’ போட்ட மறுகணம் வேறு நெட்வொர்க்கிலிருந்து சுவிட்சை எட்ட முடியவில்லை.

பதில்: ரூட்டிங்கை, அதாவது தானே வழிகாட்டும் வேலையை, இயக்கியதும் சுவிட்ச் அந்தக் கேட்வே வரியைக் கண்டுகொள்ளாது. வரி கான்ஃபிகில் அப்படியே இருப்பதால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ‘ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0’ என்று எழுதி, அடுத்து உங்கள் கேட்வேயின் முகவரியைச் சேருங்கள். வேறு வழி தெரியாத எல்லாவற்றையும் அங்கே அனுப்பு என்று அதற்குப் பொருள். இப்படிக் கையால் எழுதும் வழிதான் ஸ்டாட்டிக் ரூட்.

கேள்வி: இரண்டு கட்டடங்கள், இரண்டிலும் லேயர் 3 சுவிட்ச். முதல் சுவிட்சில் ஸ்டாட்டிக் ரூட் எழுதிவிட்டேன். சுவிட்சிலிருந்து எதிர்க் கட்டடத்துக்குப் பிங் (எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, கணினியிலிருந்து போகவில்லை. மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன்.

பதில்: போகிறது ஐயா, திரும்பி வரத்தான் வழி தெரியவில்லை. முதல் கட்டடம் 192.168.10.0 (விலான் 10), இரண்டாவது 192.168.20.0, நடுவிலுள்ள இணைப்பில் உங்கள் முனை 10.0.0.1, எதிர்முனை 10.0.0.2 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுதியது ‘ஐபி ரூட் 192.168.20.0 255.255.255.0 10.0.0.2’. சுவிட்சிலிருந்து பிங் செய்யும்போது அனுப்புநர் முகவரி 10.0.0.1. எதிர் சுவிட்சுக்கு அது நேரே இணைந்த நெட்வொர்க், எனவே பதில் வந்துவிடுகிறது. கணினியிலிருந்து போகும் பாக்கெட்டில் இருப்பதோ 192.168.10.x, அது எங்கே இருக்கிறது என்று எதிர் சுவிட்சுக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே ‘ஐபி ரூட் 192.168.10.0 255.255.255.0 10.0.0.1’ என்று எழுதுங்கள். இனி சுவிட்சிலிருந்து சோதிக்கும்போது பிங்கோடு ‘சோர்ஸ் விலான் 10’ என்றும் சேர்த்து அடித்தால் இந்த மாயம் உடனே வெளுத்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் கணினிகளின் கேட்வே அந்தந்தக் கட்டடச் சுவிட்சின் விலான் முகவரிதானா என்று பாருங்கள். விண்டோஸ் ஃபயர்வாலையும் சந்தேகப்படுங்கள். வேறு சப்நெட்டிலிருந்து, அதாவது வேறு நெட்வொர்க் பகுதியிலிருந்து, வரும் பிங்கை அது அடிக்கடி விழுங்கிவிடும்.

கேள்வி: இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. ஒன்று போனால் மற்றது தானாக வேலை செய்ய வேண்டும்.

பதில்: ஸ்டாட்டிக் ரூட்டின் இயல்பான டிஸ்டன்ஸ் 1. இது வழியின் முன்னுரிமை எண்; குறைந்த எண்ணுக்கே முதலிடம். மாற்று வழியின் வரியில் கடைசியில் 200 என்று சேருங்கள்; முதல் வழி அட்டவணையிலிருந்து விலகினால்தான் இது உள்ளே வரும். ஆனால் நடுவில் மீடியா கன்வெர்ட்டர் (செம்புக் கேபிளையும் ஃபைபரையும் இணைக்கும் பெட்டி) இருந்தால் எச்சரிக்கை. அப்பால் ஃபைபர் அறுந்தும் உங்கள் போர்ட் பச்சை விளக்கோடு சிரித்துக்கொண்டிருக்கலாம். முதல் வழி விலகவே விலகாது. அங்கே ஐபி எஸ்எல்ஏ என்ற தானியங்கிச் சோதனை வசதி கொண்டு எதிர்முனையைச் சோதித்து, அந்தச் சோதனை முடிவைக் கண்காணிக்கும் ‘டிராக்’கை முதல் வழியின் ரூட்டோடு கட்ட வேண்டும்.

கேள்வி: மின்சாரம் போய் வந்ததும் எழுதிய ரூட்டுகள் எல்லாம் காணவில்லை.

பதில்: சேமிக்கவில்லை. ‘காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்’.

இதே மறதியை உதவியாகவும் பயன்படுத்தலாம். தொலைவிலுள்ள சுவிட்சில் கைவைக்கும் முன் ‘ரீலோட் இன் 10’ அடித்துவிடுங்கள். தப்பு செய்து வெளியே மாட்டிக்கொண்டால் 10 நிமிடத்தில் அது மறுதொடக்கமாகிப் பழைய கான்ஃபிகோடு எழுந்துவிடும். எல்லாம் சரியென்றால் ‘ரீலோட் கேன்சல்’, பிறகு சேமிப்பு. ஒரு கிளை அலுவலகத்தின் கேட்வே வரியில் ஓர் எண்ணைத் தப்பாக அடித்துவிட்டு, அதைத் திருத்த இரவு பஸ் பிடித்துப் போன பிறகுதான் இந்தக் கட்டளை எனக்குப் பழக்கமாயிற்று.