இலங்கையின் எல்ல ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட் தன்னிடம் மட்டும் இருக்கிறது என்பவரிடம் முன்பணம் கொடுக்கலாமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். எழுபதைத் தொட்ட அப்பா, அம்மா, அவர், மனைவி, 9 வயது மகள் என ஐந்து பேர். இலங்கையில் 7 நாள்: கண்டி, நுவரெலியா, எல்ல, காலி. அப்பாவுக்கு முழங்கால் வலி. வாட்ஸ்அப்பில் பழக்கமான ஒருவர் வேன், ஹோட்டல், கண்டியிலிருந்து எல்ல வரை ‘நீல ரயில்’ என்று எல்லாவற்றையும் ஒரே தொகையில் செய்து தருவதாகச் சொல்கிறார். ரயில் டிக்கெட் வெளியே எங்கும் கிடைக்காது, தன்னிடம் மட்டும் இருக்கிறது, பாதிப் பணத்தை இந்த வாரமே அனுப்புங்கள் என்று அவசரப்படுத்துகிறார். நம்பலாமா, அல்லது நானே கார் எடுத்து ஓட்டலாமா, பஸ்ஸிலும் ரயிலிலுமே சமாளித்துவிடலாமா என்பது வாசகரின் கேள்வி.

முதலில் பதில்: அந்தப் பணத்தை அனுப்ப வேண்டாம். ஓட்டுநருடன் ஒரு வேனை, வேன் வைத்திருப்பவரிடமே பேசி 7 நாளுக்கும் எடுங்கள். நீங்களே ஓட்ட வேண்டாம். பஸ் உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவராது. ரயில் கட்டாயம் போங்கள், ஆனால் அவர் சொல்லும் பாதையில் அல்ல. எந்தப் பாதை என்று பின்னால் சொல்கிறேன்.

‘நீல ரயில்’ என்று தனியாக ஒரு சுற்றுலா ரயில் இருப்பதுபோல் பேசுவார்கள். கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை வரை ஓடும் சாதாரணப் பயணிகள் ரயிலின் பெட்டிகள் நீலமாக இருக்கின்றன, அவ்வளவுதான். தோட்டத் தொழிலாளரும் பள்ளிப் பிள்ளைகளும் அதில்தான் போய்வருகிறார்கள். முன்பதிவு இருக்கைகள் பயண நாளுக்கு 30 நாள் முன்பு திறக்கும். திறந்த சில நிமிடங்களில் காலியாகிவிடும். நியாயமாகப் பார்த்தால் இது நடக்கவே கூடாது. 2025 தொடக்கத்தில் மொத்தமாக டிக்கெட் வாங்கிப் பதுக்கி வெளிநாட்டவரிடம் பல மடங்கு விலைக்கு விற்பது பெரிய விவகாரமாகி, குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரை போனது. அதன் பிறகும் பயணிகள்தான் தேடி அலைகிறார்கள், இடைத்தரகர்களிடம்தான் டிக்கெட் இருக்கிறது. எத்தனை வருடம் இதையே எழுதிக்கொண்டிருப்பது? நாட்டுக்கே விளம்பரமாக நிற்கும் ஒரு ரயிலில் நேர்மையாக ஓர் இருக்கை வாங்க வழி செய்து கொடுப்பது அவ்வளவு கடினமான வேலையா என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

உங்களுக்குத் தெரிய வேண்டியது இது. முன்பதிவு டிக்கெட் அடையாள எண்ணோடு சேர்ந்தது. வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட் எண். உங்கள் எண்ணைக் கேட்காமலேயே ஒருவரிடம் உங்களுக்கான டிக்கெட் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்றால், அது வேறு யாருடைய எண்ணிலோ எடுத்தது. பரிசோதகர் கேட்டால் பிளாட்பாரத்தில் நிற்கப்போவது நீங்கள், அவர் அல்ல.

இன்னொன்றும் அவர் சொல்லியிருக்க மாட்டார். முதல் வகுப்பு ஏசி பெட்டியில் ஜன்னல் திறக்காது. அதிக விலை கொடுத்து ஏறி, அழுக்குக் கண்ணாடி வழியாகத் தேயிலைத் தோட்டம் பார்த்துவிட்டு வந்து வருத்தப்பட்டவர்கள் ஏராளம். காற்றும் குளிரும் மண் வாசனையும் வேண்டுமென்றால் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போதான். அப்புறம், ரயிலில் எல்ல வரை போனால் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடப்போம் என்று நம்பவைப்பார்கள். பாலம் எல்லவுக்கும் அதைத் தாண்டி வரும் தெமோதரை நிலையத்துக்கும் நடுவில் இருக்கிறது. கண்டிப் பக்கமிருந்து வந்து எல்லவில் இறங்குகிறவர் அதைக் கடப்பதே இல்லை. படத்தைக் காட்டி விற்கிறார்கள், அந்தப் படத்தில் உள்ள இடம் நீங்கள் வாங்கிய பயணத்தில் கிடையாது.

சரி, அப்படியானால் எப்படிப் போவது? கண்டியிலிருந்து எல்ல ஏறக்குறைய 7 மணி நேரம், தாமதமானால் அதற்கும் மேல். முழங்கால் வலி உள்ள பெரியவருக்கு அது தேவையில்லை. முன்பதிவு இல்லாத டிக்கெட்டை அன்றே நிலையத்தில் வாங்கலாம், அதற்குக் கணக்கு வரம்பு கிடையாது. ஆனால் கண்டியிலோ, நுவரெலியாவுக்கான நிலையமான நானுஓயாவிலோ ஏறினால் உட்கார இடம் கிடைப்பது சந்தேகம். வரும்போதே ரயில் நிரம்பியிருக்கும். இதனால்தான் தரகர் சொல்வது உண்மைபோலத் தெரிகிறது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் கவனிக்காத விதிவிலக்கு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாதையின் கடைசி நிலையம் பதுளை. கொழும்புப் பக்கம் திரும்பும் ரயில்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. அதாவது அங்கே ரயில் காலியாக நிற்கும். நுவரெலியாவிலிருந்து வேனிலேயே பதுளைக்கு வாருங்கள். வெலிமடை வழியாக வரும் அந்த வீதியில் சீதா எலிய அம்மன் கோவிலும் ஹக்கல பூங்காவும் இருக்கின்றன, அம்மா அப்பாவுக்கு அந்த நிறுத்தம் பிடிக்கும். பதுளை நிலையத்தில் முன்பதிவு இல்லாத பெட்டி இணைத்த சாதாரண ரயில் எது, எத்தனை மணிக்கு என்று முதல் நாளே ஓட்டுநரை விட்டு விசாரியுங்கள். அரை மணி முன்னதாகப் போய், எல்ல வரை டிக்கெட் வாங்கி, ஜன்னலோரமாக உட்காருங்கள். பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்த ஒரு மணிக்குள் தெமோதரை வளைவு வரும். ரயில் மலையைச் சுற்றி வந்து, தான் வந்த பாதைக்கு மேலேயே ஏறும் இடம் அது. அதன் பிறகு ஒன்பது வளைவுப் பாலம் வரும், இந்த முறை நிஜமாகவே அதன் மேல் போவீர்கள். அது முடிந்ததும் எல்ல.

இதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. வேன் காலியாக எல்லவுக்கு வர வேண்டும். சில ஓட்டுநர்கள் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். அன்றைய நாள் வாடகையை நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள், வேன் எப்படியும் எல்லவுக்குத்தான் வருகிறது, ஆகவே தனிக் கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை ஆரம்பத்திலேயே பேசி எழுத்தில் வாங்குங்கள். பெட்டிகள் வேனில் இருக்கட்டும். மருந்து, தண்ணீர், ஒரு கம்பளி மட்டும் கையில். ரயில் படிகள் உயரம். பதுளையில் ரயில் நின்றுகொண்டிருப்பதால் அப்பா நிதானமாக ஏறலாம். எல்லவில் அப்படியல்ல, சில நிமிடம்தான் நிற்கும். பாலத்தைக் கடந்தவுடனே அவரை எழுப்பிக் கதவுக்குக் கிட்டே கொண்டுவந்துவிடுங்கள், நின்ற பிறகு எழுந்தால் நேரம் போதாது. மகளைக் கதவோரம் விடாதீர்கள். படத்துக்காகக் கதவில் தொங்கி விழுந்து இறந்தவர்கள் உண்டு. இதில் பெரியவர்களும் அடக்கம்.

போவதற்கு முன் இன்னொன்று. 2025 நவம்பர் இறுதியில் அடித்த டிட்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் மண்சரிவில் உடைந்தது. மழைக்காலத்தில் சிறு சரிவுகள் எந்த வருடமும் நடக்கும். திடீர் வேலைநிறுத்தமும் வரும். ஆகவே நீங்கள் போகும் வாரத்தில் எந்தப் பகுதி ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்ட பிறகே நாளை உறுதி செய்யுங்கள். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியவருக்கு இந்தச் சுதந்திரம் இருக்காது. ரயில் ஓடாத நாளில் தரகர் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

இப்போது வேன். ஐந்து பேரும் பெட்டிகளும் ஒரு காரில் அடங்காது, கார் போதும் என்பவர் சொல்வதை விட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் பேசுகிறவர் பெரும்பாலும் வேன்காரர் இல்லை. அவர் இன்னொருவரிடம் கொடுப்பார், அவர் மூன்றாமவரிடம் கொடுப்பார். படத்தில் புது வேன், வாசலில் நிற்பது இருபது வருடப் பழையது. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கழிந்து ஓட்டுநருக்கு வருவது சொற்பம். அந்தக் குறையை அவர் எங்கே சரிக்கட்டுவார்? கடைகளில். மாவனெல்ல, மாத்தளைப் பக்கம் ‘மூலிகைத் தோட்டம்’, கண்டியில் இரத்தினக்கல் கடை, பத்திக் துணி, மரச்சிற்பம் என்று ஒவ்வொன்றிலும் நிறுத்துவார். நீங்கள் வாங்கும் பொருளின் விலைக்குள்ளேயே அவருடைய கமிஷன் இருக்கிறது. ஓட்டுநரை நான் குறை சொல்லவில்லை. கூலியை ஒழுங்காகக் கொடுக்காத சங்கிலிதான் அவரை அங்கே தள்ளுகிறது. நேரடியாகப் பேசி நியாயமான தொகை கொடுங்கள், முதல் நாளே “கடை எதுவும் வேண்டாம்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பெரும்பாலோர் கேட்டுக்கொள்வார்கள்.

‘எல்லாம் அடக்கம்’ என்ற சொல்லுக்கு இங்கே அர்த்தமே கிடையாது. எரிபொருள், பார்க்கிங், அதிவேக வீதிக் கட்டணம், ஓட்டுநரின் சாப்பாடு, அவர் இரவு தங்கும் இடம், மொத்தம் எத்தனை கிலோமீட்டர், அதைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு, வேன் எண்ணையும் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். ஓட்டுநர் தங்கும் இடத்தைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். சில ஹோட்டல்களில் ஓட்டுநருக்கு அறை உண்டு, சிலவற்றில் இல்லை. இல்லாவிட்டால் அவர் வேனிலேயே சுருண்டு படுப்பார், மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு உங்கள் பெற்றோரை ஏற்றிக்கொண்டு மலை வளைவுகளில் ஓட்டுவார். ஹோட்டல் பதிவு செய்யும்போதே கேளுங்கள். முன்பணம் கட்டாயமென்றால் சிறு தொகை, மீதியை நாள் நாளாகக் கொடுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை உரிமம் கொடுத்த ஓட்டுநர்-வழிகாட்டிகள் இருக்கிறார்கள், உரிம அட்டையைக் காட்டச் சொல்லலாம். தமிழ் பேசும் ஓட்டுநர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். அட்டன், நுவரெலியா, கண்டிப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்பா அம்மா அவரோடு பேசிக்கொண்டே வருவார்கள், அது பாதிக் களைப்பைப் போக்கிவிடும்.

எல்லவிலிருந்து காலிக்கு இறங்குவதைக் காலையில் வையுங்கள். இரவில் எல்ல–வெல்லவாய வீதியில் இறங்கவே வேண்டாம். 2025 செப்டம்பரில் அந்த வீதியில் இரவில் ஒரு சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். ஒரு நாள் ஹோட்டல் வாடகையை மிச்சப்படுத்த இரவுப் பயணத்தைத் திட்டத்தில் நுழைப்பது தரகர்களின் பழக்கம். உங்கள் திட்டத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்களே ஓட்டுவதைப் பற்றி. இடப்பக்க ஓட்டம்தான், ஊர்போலத்தான் இருக்கும், ஆனாலும் வேண்டாம் என்கிறேன். இந்தியாவில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி மட்டும் போதாது. அதற்கு அங்குள்ள ஆட்டோமொபைல் சங்கத்தின் அங்கீகாரமோ, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக உரிமமோ வேண்டும். 2025 முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதற்கொரு கவுன்டர் இருக்கிறது. வண்டி வாடகைக்கு விடும் சிலர் “அதெல்லாம் யார் பார்க்கிறார்கள்” என்பார்கள். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

பஸ் மலிவு, எங்கும் போகும், தனியாக வரும் இளைஞருக்கு அருமையானது. உங்கள் அப்பாவின் முழங்காலுக்கு அல்ல. கொழும்புக்குள் சுற்றும்போது பிக்மீ செயலியில் ஆட்டோவோ காரோ கூப்பிடுங்கள், பேரம் பேசும் தொல்லை இல்லை. அதற்கு ஓர் உள்ளூர் சிம் இருந்தால் வசதி, விமான நிலையத்திலேயே கிடைக்கும்.

கடைசி நாளுக்கு ஒரு நிபந்தனையைப் பேச்சில் சேர்த்துவிடுங்கள். காலியிலிருந்து விமான நிலையம் வரை கொழும்பு நகருக்குள் நுழையாமலே போகலாம். தெற்கு அதிவேக வீதியில் ஏறி, கொட்டாவையில் வெளிச்சுற்று வீதிக்கு மாறி, கெரவலப்பிட்டியில் கட்டுநாயக்க வீதியைப் பிடிக்க வேண்டும். வீதிக் கட்டணம் தன் கையிலிருந்து போகிறது என்றால் சில ஓட்டுநர்கள் அதை மிச்சப்படுத்த, காலி–கொழும்பு சாதாரண வீதியிலேயே வந்து, கொழும்பு நெரிசலில் உங்களை உட்காரவைப்பார்கள். அந்த நாளின் கட்டணத்தை மட்டும் நீங்களே கொடுப்பதாகச் சொல்லிவிடுங்கள். விமானத்தைத் தவறவிடுவதைப் பார்க்கும்போது அது ஒரு தொகையே இல்லை.