கேள்வி–பதில்: கூத்தை வீட்டுத் திரைக்குக் கொண்டுவருவது

கேள்வி: எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் திருவிழாவில் நடந்த கூத்தை என் தம்பி படம் பிடித்து, வெளிநாட்டிலுள்ள உறவினர்களுக்கு அனுப்பினான். கால் மணி நேரத்துக்கு மேல் யாராலும் பார்க்க முடியவில்லையாம். நியூயார்க் மேடையில் எடுத்த ‘ஹாமில்டன்’ இசை நாடகத்தையோ நான் வீட்டிலிருந்தபடியே சலிப்பின்றி முழுவதும் பார்த்தேன். பணம்தான் இந்த வேறுபாட்டுக்குக் காரணமா? (வாசகர், ஆரணி)

பதில்: பணமும் ஒரு காரணம்தான், ஆனால் முதற்காரணம் அன்று. 2016 ஜூனில் ரிச்சர்ட் ரோஜர்ஸ் அரங்கில் பதிவாகி, 2020 ஜூலை 3 அன்று டிஸ்னி பிளஸ்ஸில் வெளியான அந்த நாடகத்தை, பார்வையாளர்கள் நிறைந்திருந்த காட்சிகளின்போது எடுத்ததோடு, அரங்கு காலியாக இருந்த வேளையில் நெருக்கக் காட்சிகளுக்கென்று சில பாடல்களைத் தனியாகவும் எடுத்தார்கள். கூத்துக்கு இந்த இரண்டாவது வழியை நான் சொல்லமாட்டேன். விடிய விடிய ஆடிப் பாட வேண்டியவரின் தொண்டையை மாலையிலேயே நம் கேமராவுக்காகச் செலவழிக்கச் சொல்வது நியாயமாகாது.

களத்தின் முன் பாயில் உட்கார்ந்திருப்பவர், துரியோதனனின் கிரீடத்தைப் பார்ப்பதா, கோமாளியாக வரும் கட்டியங்காரனின் கிண்டலுக்குத் திரும்புவதா என்பதைத் தாமே முடிவு செய்கிறார். வீட்டிலிருப்பவருக்காகக் கேமரா முடிவு செய்கிறது. வேடக்காரரின் முகத்தையே துரத்திக்கொண்டிருந்தால், அவர் விட்ட அடியைப் பிடித்துப் பாடும் பின்பாட்டுக்காரர்கள் படத்துக்கு வெளியே போய்விடுவார்கள். அவர்கள் இல்லாத கூத்து பாதிக் கூத்துதான். ஆகவே, களம் முழுவதும், பின்னால் அமர்ந்திருக்கும் மேளக்காரர்கள் உட்பட அடங்கும்படி ஒரு கேமராவை முக்காலியில் நிறுத்தி, இரவு முழுவதும் அசைக்காமல் விடுங்கள். இரண்டாவது கேமரா இருந்தால் அதை முகங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். திரை பிடித்து, வேடம் அதன் பின்னால் நின்று பாடும் இடத்தில் மட்டும் நெருங்கிப் போக அவசரப்படாதீர்கள். கிரீடத்தின் நுனி முதலில் தெரிந்து, வேடம் பிறகு தெரிவதில்தான் அந்த இடத்தின் சுவை இருக்கிறது.

உறவினர்கள் கால் மணி நேரத்தில் எழுந்து போனதற்குப் பெரும்பாலும் ஒலியே காரணமாக இருந்திருக்கும், ஏனென்றால் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்ளும் மனிதர்கள் புரியாத பாட்டைப் பொறுத்துக்கொள்வதில்லை. முகவீணை என்ற சிறிய ஊதுகுழலின் கூர்மையான ஒலி, பக்கத்தில் இருக்கும் எந்த மைக்கையும் நிறைத்துவிடும். கைப்பேசியின் சிறிய மைக் அதற்கு ஈடுகொடுக்காது. ஒலிபெருக்கிக்காரரிடம் முன்னதாகவே பேசி, அவருடைய மிக்சரிலிருந்து (மைக்குகளின் ஒலியைக் கலக்கும் கருவி) ஒரு கம்பி வாங்கித் தனி ரெக்கார்டரில் பதிவு செய்யுங்கள். இன்னொரு ரெக்கார்டரைக் கூட்டத்தின் நடுவில் வையுங்கள், ஊராரின் சிரிப்பும் குழந்தையின் அழுகையும் இல்லாவிட்டால் கூத்து எங்கோ ஒரு அறையில் நடந்ததுபோல ஒலிக்கும். தாளம் ஓங்கித் தட்டப்படும் ஒரு கணத்தை அடையாளமாகக் கொண்டு, ஒலியையும் படத்தையும் பிறகு பொருத்திக்கொள்ளலாம்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், டியூப் லைட்டுகளும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த மினுக்கல், கேமராவில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டர் வேகத்தை 1/50 நொடி என்று நிறுத்திவிட்டால் அது மறையும். வேடக்காரர் அணியும் மர அணிகலன்களான கட்டைகளில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் பளிச்சிடும்போதெல்லாம் படம் இருண்டு வெளுக்காதிருக்க, ஒளி அளவையும் தானியங்கியில் விடாமல் பூட்டிவிடுங்கள்.

கேள்வி: பதிவை யூடியூபில் போட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? (வாசகி, காட்பாடி)

பதில்: ஆடியவர்களிடமும் பாடியவர்களிடமும். கோயில் நிர்வாகம் சம்மதித்தது போதாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்துகலைஞருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர் என்று போகும் அதன் பட்டியலில் பாம்பாட்டிகூட இருக்கிறார் என்பதால், கட்டியங்காரனை விட்டுவிட வழியில்லை. நியூயார்க் பொது நூலகம் 1970 முதல் மேடை நாடகங்களைப் பதிவு செய்து சேர்த்து வருகிறது. அவற்றை அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாமே தவிர, வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. பாதுகாப்பதற்கு எடுப்பதும் பரப்புவதற்கு எடுப்பதும் வெவ்வேறு என்பதால், குழுவின் வாத்தியாரிடம் எதற்காக எடுக்கிறீர்கள் என்பதையும், வருமானம் வந்தால் அவர்களுக்கு என்ன பங்கு என்பதையும் கூத்துக்குத் தாம்பூலம் வைத்துப் பேசி முடிக்கும் நாளிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.