டர்ஹாமில் ஏன் இத்தனை பேருக்கு உடம்பு முடியவில்லை? (கேள்வி பதில்)

கே: இங்கிலாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வரும் 'அன்றாடத்தைத் தடுக்கும் நீண்டகால நோய்' எந்த நோய் அண்ணா?

ப: குறிப்பிட்ட ஒரு நோய் இல்லை. மருத்துவர் சொன்னதும் இல்லை, மக்களே படிவத்தில் போட்ட டிக். உடம்புக் கோளாறு அன்றாட வேலையைத் தடுக்கிறதா என்ற கேள்வி. முதுமைத் தளர்ச்சியும் சேர்த்தி. இந்த வடிவில் 1991இல்தான் முதலில் கேட்டார்கள். மூட்டுவலிக்கும் மனச்சோர்வுக்கும் ஒரே கட்டம்தான்.

கே: வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹாம் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) குடிவந்திருக்கிறோம். இங்கே இந்த விகிதம் அதிகமாமே. தண்ணீர் சரியில்லையா?

ப: தண்ணீரைத் தாராளமாகக் குடியுங்கள். விஷயம் நிலக்கரி. 2001இல் இங்கிலாந்து, வேல்ஸ் சேர்த்துச் சராசரி 18.2%. உங்கள் கவுண்டியின் ஈசிங்டன் வட்டாரத்திலோ பத்தில் மூன்று பேர் 'ஆம்' என்றார்கள். அங்கே கடலுக்கடியில் போய்க் கரி வெட்டினார்கள். ஈசிங்டன் சுரங்கத்தை 1993இல் மூடினார்கள். தூசு அரித்த நுரையீரலும், துளைக்கருவி அதிர்ந்து அதிர்ந்து மரத்த விரலும், தேய்ந்த முழங்காலும் அதோடு போய்விடுமா? இன்னொன்று, வேலை இருந்தால் வலியோடு வலியாக ஓட்டியிருப்பார்கள். வேலையே இல்லாத ஊரில் முட்டி போனவரை யார் எடுப்பார்கள்? நோய் உதவித்தொகைதான் கதி. இதைச் சோம்பேறித்தனம் என்பவர்கள் ஒரு நாள் சுரங்கத்தில் இறங்கிப் பார்க்கட்டும். வேல்ஸின் கரிப் பள்ளத்தாக்குகளிலும் இதே கதை. அந்நாட்டு விகிதம் அப்போது 23.3%.

கே: டோர்செட்டில் சுரங்கம் இல்லையே சார், அங்கேயும் கூடுதலாகத்தானே இருக்கிறது?

ப: ஓய்வுபெற்றவர்கள் கடற்கரை தேடிப் போகும் ஊர். வயதானவர் கூடினால் விகிதமும் கூடும். அதனால் வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிய விகிதத்தைப் பாருங்கள். லண்டனின் நியூஹாம் நேரெதிர்: இளைஞர்கள் நிறைந்திருப்பதால் குறைவாகத் தெரியும், சரிக்கட்டினால் ஏறும்.

கே: 2011ஐயும் 2021ஐயும் ஒப்பிடலாமா?

ப: பார்த்துச் செய்யுங்கள், கேள்வியே மாறிவிட்டது. 2011இல் நேராகவே கேட்டார்கள்: இங்கிலாந்து, வேல்ஸ் சேர்த்து 'மிகவும்' தடை என்றவர்கள் 8.5%, 'கொஞ்சம்' என்றவர்கள் 9.4%. 2021இல் முதலில் நீண்டகால நோய் உண்டா என்று கேட்டு, உண்டு என்றவர்களிடம் மட்டும் தடையைப் பற்றிக் கேட்டார்கள். போதாக்குறைக்குக் கொரோனா காலம் வேறு.

கே: 2011 பட்டியலில் ஈசிங்டன் வட்டாரத்தையே காணோமே?

ப: 2009இல் கவுண்டி நிர்வாகத்தோடு இணைத்துவிட்டார்கள். வார்டு வாரியாகத் தேடுங்கள். கவுண்டி சராசரியை நம்பினால், டர்ஹாம் நகரத்துப் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் அதில் சேர்ந்து எண்ணை இறக்கிவிடுவார்கள்.