கதை எழுதவைக்கும் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகள்: வாங்குமுன் சில கேள்விகள்

கேள்வி: ஏழு வயது மகளுக்காக, 1980களில் அமெரிக்காவில் ஸ்பின்னாக்கர் கம்பெனி வெளியிட்ட ஸ்டோரி மெஷின், கிட்ரைட்டர் இரண்டையும் ஏலத் தளம் ஒன்றில் பார்த்து வைத்திருக்கிறோம். அவளுக்கு ஆங்கில வாக்கியமும் வரவேண்டும், கதை சொல்லவும் வரவேண்டும். எதை வாங்கலாம்?

பதில்: கம்பெனி ஒன்றுதான், ஆனால் இரண்டும் செய்கிற வேலை வேறு. 1982இல் வந்த ஸ்டோரி மெஷினில் குழந்தை ஒரு வாக்கியத்தைத் தட்டினால், திரையில் உருவங்கள் வந்து அதையே நடித்துக் காட்டும். பையன் ஓடுகிறான் என்று ஆங்கிலத்தில் அடித்தால் பையன் ஓடுவான். தமிழ் பேசும் வீட்டுக் குழந்தைக்கு இதில் தனி லாபம் உண்டு. நாம் வினைச்சொல்லைக் கடைசியில் வைத்துப் பழகியவர்கள். அதே வரிசையில் ஆங்கிலச் சொற்களை அடுக்கினால் இந்த விளையாட்டு ஏற்காது. வரிசை சரியாக விழுந்தால்தான் படம் அசையும். குறை என்னவென்றால், அதற்குத் தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான். அந்தப் பட்டியலுக்கு வெளியே ஒரு சொல்லையும் எழுத முடியாது. வீட்டு நாய்க்குட்டியின் பெயரை அடித்துப் பார்க்கும் குழந்தை அங்கேயே ஏமாந்துபோகும்.

1984இல் வந்த கிட்ரைட்டரில் படம் அசையாது. பின்னணிக் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உருவங்களை எடுத்து வைத்து, நிறத்தையும் அளவையும் மாற்றி, கீழே மனதுக்குத் தோன்றியதை எழுதிக்கொண்டே பக்கம் பக்கமாகப் போகலாம். கதைக்கு இதுதான். ஏழு வயதுக்கும் இதைத்தான் சொல்வோம். ஸ்டோரி மெஷின் சில வாரங்களில் அலுத்துவிடும். மூன்றெழுத்து ஆங்கிலச் சொற்களே இன்னும் தடுமாற்றம் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, லேர்னிங் கம்பெனியின் ரீடர் ராபிட்டின் முதல் பதிப்பைப் பாருங்கள். அதன் நான்கு ஆட்டங்களும் அந்தச் சின்னச் சொற்களை வைத்தே ஓடுகின்றன.

பணம் கட்டுமுன் ஒன்று செய்யுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பழைய ஆப்பிள் II கம்ப்யூட்டருக்கான மென்பொருள்கள் பலவற்றை பிரவுசரிலேயே ஓட்டிப் பார்க்கலாம். பக்கத்தை மூடினால் எழுதிய கதை போய்விடும், அதைக் குழந்தையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கதை நிற்க வேண்டுமானால் விண்டோஸில் ஆப்பிள்வின் எமுலேட்டரைப் போடுங்கள், அதாவது அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் புரோகிராமை. எஃப் 3 அழுத்தினால் முதல் டிரைவில் டிஸ்க் இமேஜை (டிஸ்கின் நகலான ஃபைலை) ஏற்றலாம், எஃப் 4 இரண்டாம் டிரைவுக்கு, எஃப் 2 மறுபடி முதலிலிருந்து தொடங்க. ஒரு வாரம் கழித்தும் அவளே கேட்டு உட்கார்ந்தால் அசல் பெட்டியை வாங்கலாம்.

கேள்வி: விற்பவர் "சோதிக்கவில்லை, பார்க்க நன்றாக இருக்கிறது" என்கிறார். டிஸ்கைப் படத்தில் பார்த்தே நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியுமா?

பதில்: நல்லது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கெட்டதைக் கண்டுபிடித்துவிடலாம். 5¼ அங்குல டிஸ்கின் உறையில் நீள்வட்டத் திறப்பு ஒன்று இருக்கும். அதன் வழியே தெரியும் பழுப்புப் பரப்பை, வெளிச்சம் சாய்வாக விழும்படி நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நடுவளையத்தை விரலால் மெல்லத் திருப்பி நான்கைந்து இடங்களில் எடுக்கட்டும். சாம்பல் அல்லது வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. வட்ட வட்டமாகக் கோடு தெரிந்தால், டிரைவின் தலை, அதாவது டிஸ்கைப் படிக்கும் முனை, காந்தப் பூச்சைச் சுரண்டியிருக்கிறது. இரண்டில் எதைக் கண்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பூஞ்சை பிடித்த டிஸ்கால் வரும் கேடு அதோடு முடியாது. அழுக்கு டிரைவின் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல டிஸ்கையும் கிழிக்கும். அதனால் பழைய டிஸ்க் எதைப் போட்டு எடுத்தாலும், 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் தலையைத் துடைத்துவிட்டே அடுத்ததைப் போடுங்கள்.

இன்னொன்று, நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. அக்காலக் கடை டிஸ்குகள் பலவற்றில் நகல் தடுப்பு உண்டு. டிஸ்கின் சில பகுதிகளை வேண்டுமென்றே முறைதவறி எழுதியிருப்பார்கள், சாதாரண நகல் புரோகிராம் அங்கே நின்றுவிடும். காமடோர் 64 என்ற அக்கால வீட்டுக் கம்ப்யூட்டரின் 1541 டிரைவில் இந்த நகல் தடுப்பால் படிப்புப் பிழை வரும்போது தலை பின்னோக்கிப் போய் உள்ளே இருக்கும் முட்டுக்கட்டையில் கடகடவென்று இடிக்கும். இப்படிப் பல வருடம் இடிபட்ட டிரைவுகள் பலவற்றில் தலையின் நேர்கோடு விலகியிருக்கிறது. அப்படிப்பட்ட டிரைவ் தான் எழுதிய டிஸ்கைப் படிக்கும், வேறு டிரைவில் எழுதிய டிஸ்கைப் படிக்காது. ஆகவே டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுமுன் வேறொரு டிரைவிலும் போட்டுப் பாருங்கள்.

மெமரியையும் பாருங்கள். ஆப்பிள் II பிளஸ் மெஷினில் கூடுதல் மெமரி கார்டு இல்லாவிட்டால் 48 கே (கிலோபைட்) மட்டுமே. IIஇ மாடலில் 64 கே உண்டு. பெட்டியில் 64 கே என்று அச்சிட்டிருந்தால் முன்னதில் ஓடாது.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து உறவினர் காமடோர் 64 கொண்டுவருகிறார், அசல் பவர் சப்ளையோடு. இங்கே 230 வோல்ட்டில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாமா?

பதில்: ஓடும், ஆனால் அந்த அசல் சப்ளையையே ஓரங்கட்டச் சொல்வோம். அது 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் தருகிறது. உள்ளே எபாக்சி என்ற கெட்டிப் பிசினை ஊற்றி மூடியிருக்கும், பழுது பார்க்க வழியில்லை. வயதாகும்போது 5 வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் செத்து, வோல்ட்டேஜ் ஏறி, மெஷினின் மெமரி சிப்புகளை எரித்துவிடும். போதாததற்கு, 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் இன்னும் கூடச் சூடாகும்.

அளந்து பார்க்கலாம். ஏழு பின் பிளக்கில் 5ஆம் பின்னுக்கும் 2ஆம் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 5.25 வோல்ட்டைத் தாண்டினால் மெஷினில் செருகவே கூடாது. 5 காட்டினாலும் நம்பிவிட முடியாது. பெரும்பாலும் சூடேறிய பிறகுதான் இது காலைவாரும். 230 வோல்ட்டுக்கென்றே இப்போது தயாராகும் புது சப்ளை ஒன்றை வாங்குவதுதான் சரி. 1541 டிரைவின் கதை வேறு: அதன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளேயே இருப்பதால், அமெரிக்க டிரைவுக்கு ஸ்டெப்-டவுன் கட்டாயம் வேண்டும்.

படம் அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் வரும். மஞ்சள் ஏவி சாக்கெட் உள்ள எல்சிடி டிவிகளில் பெரும்பாலானவை அதைக் காட்டிவிடும்.

கேள்வி: கிட்ரைட்டர் கதைகளைச் சேமிக்க, கடையில் கிடைத்த 1.2 எம்பி வெற்று டிஸ்க் போதுமா?

பதில்: போதாது. 1.2 எம்பி என்றால் ஹை டென்சிட்டி டிஸ்க், அதன் பூச்சுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வலுவான காந்தப்புலம் தேவை. ஆப்பிள், காமடோர் டிரைவுகளின் தலை அவ்வளவு தராது. ஃபார்மேட் ஆனதுபோலத் தெரிந்தாலும் சில நாளில் கதை காணாமல் போகும். டபுள் டென்சிட்டி என்று எழுதியதையே கேட்டு வாங்குங்கள். நடுத்துளையைச் சுற்றி வலுவூட்டும் வளையம் இருப்பது பெரும்பாலும் அதற்கு அடையாளம். கதை டிஸ்கைத் தனியாக வைத்து, அசல் டிஸ்கின் ஓரத்தில் சதுர வெட்டு இருந்தால் அதன்மேல் ஒளி புகாத டேப்பை ஒட்டிவிடுங்கள். தவறுதலாக அதில் எழுதப்படாது.