பிளேஸ்டேஷன் 2-ல் ‘மோஸ்ட் வான்டட்’ ஆடுகிறேன். ரேஸ் முழுக்க முன்னால் இருந்தும் கடைசியில் எதிராளி முந்திவிடுகிறான். கேம் ஏமாற்றுகிறதா? எப்படி ஜெயிப்பது?

நீங்கள் கேட்பது 2005-ல் வந்த ‘நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்’. 2012-ல் அதே பெயரில் வந்தது வேறு கேம், வேறு ஊர்; அது பிளேஸ்டேஷன் 2-க்கு வரவே இல்லை.

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதிராளியை விட்டு ரொம்ப தூரம் போக அது உங்களை விடாது. நீங்கள் முன்னால் போகப் போக பின்னால் வருகிறவனுக்கு வேகம் கூடும். நீங்கள் எங்காவது முட்டிப் பின்தங்கினால் அவன் கொஞ்சம் மெதுவாவான். இதற்கு ‘கேட்ச் அப்’ என்று பெயர். தனி ரேஸ் வைத்து ஆடினால் மெனுவிலேயே அணைத்துவிடலாம், கதையாக நகரும் கேரியரில் முடியாது. அதனால் முதல் சுற்றிலேயே பெரிய முன்னிலை எடுத்து லாபமில்லை. அந்த முன்னிலைக்காக நைட்ரஸை (வண்டிக்குத் திடீர் வேகம் தருவது) காலி செய்துவிட்டுக் கடைசி நீட்டத்தில் வெறும் எக்ஸ் பட்டனை அமுக்கிக்கொண்டிருப்பவர்களைத்தான் அவன் முந்துவான். பாதி ரேஸ் வரை இரண்டாவதாகவே ஓட்டுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

நான் கீழக்கரை. எங்கள் தெருவில் பிளேஸ்டேஷன் என்றாலே யாராவது துபாயிலிருந்து லீவில் வரும்போது கொண்டுவந்ததுதான். எங்கள் வீட்டுக்குப் பெரிய காக்கா, அதாவது பெரிய அண்ணன், கொண்டுவந்தார். நோன்பு மாதத்தில் தராவீஹ் தொழுகை முடிந்து வந்தால் விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாடு வரைக்கும் மச்சான்மார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் ஹாலில்தான் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு ரேஸ்; தோற்றால் கண்ட்ரோலரை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். தொதல் அல்வா தின்ற கையோடு யாராவது தொட்டுவிட்டால் எக்ஸ் பட்டன் அமுங்கிய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்தானே ஆக்ஸிலரேட்டர்! அதனால் கையைக் கழுவிவிட்டு வந்தால்தான் காக்கா கண்ட்ரோலரைக் கொடுப்பார்.

அவர் அங்கே வேன் ஓட்டியவர். இந்த கேமில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லிக்கொடுத்தது. அதில் முக்கியமான ஒன்றை வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கேமில் வரும் ராக்போர்ட் அமெரிக்க ஊர் மாதிரி, வண்டிகள் வலப்பக்கம் போகும். நாம் ராமநாதபுரம் ரோட்டிலும் ஈசிஆரிலும் இடப்பக்கம் போய்ப் பழகியவர்கள். 200 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே ஒரு லாரி தெரிந்தால் கை யோசிக்காது, தானாக இடப்பக்கம் ஒடிக்கும். ராக்போர்ட்டில் அந்தப் பக்கம்தான் அடுத்த வண்டி எதிரே வந்துகொண்டிருக்கும். துபாயிலும் வலப்பக்கம்தான் என்பதால் காக்காவுக்கு இந்தச் சிக்கலே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவார்: “லாரியப் பாக்காத தம்பி, பாத்தா அதுலதான் போய் இடிப்ப. அதுக்கு வலப்பக்கம் எவ்வளவு எடம் இருக்குன்னு பாரு.”

ஆகவே ரேஸ் எதுவும் தொடங்காமல், ஃப்ரீ ரோமில் வலப்பக்க லேனை மட்டும் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றுங்கள். எதிரே வரும் வண்டிகள் ஒவ்வொரு தடவையும் மாறும். வளைவுகளும் குறுக்குவழிகளும் மாறாது. கை வலப்பக்கத்துக்குப் பழகிவிட்டால் கடைசி நிமிடப் பதற்றத்தில் முட்டுவது தானாகக் குறைந்துவிடும்.

வளைவு கண்ணில் படும்போதே எக்ஸிலிருந்து கட்டைவிரலை எடுங்கள். பிரேக்கான ஸ்கொயரில் ஒரு தட்டு. மூக்கு திரும்பத் தொடங்கியதும் ‘ஸ்பீட்பிரேக்கர்’ பட்டனை அமுக்கினால் நேரம் மெதுவாகி, வண்டி சொன்ன பக்கம் கேட்கும். உள்பக்க ஓரம் கதவை உரசுகிற மாதிரி வரும்போது அதை விட்டுவிட்டு மறுபடி எக்ஸ். வண்டி நேரான பிறகுதான் நைட்ரஸ். வளைவுக்குள்ளேயே அடித்தால் வெளிச்சுவரில்தான் போய் நிற்பீர்கள். அம்புக்குறி பட்டன்களில் ஆடுகிறவராக இருந்தால் இன்றைக்கே இடது ஸ்டிக்குக்கு மாறிவிடுங்கள். கொஞ்சமாக ஒடிப்பது அதில்தான் முடியும்.

ஸ்பீட்ட்ராப் ரேஸ் மட்டும் வேறு கணக்கு. ஒவ்வொரு கேமராவையும் கடக்கும்போது இருந்த வேகத்தைக் கூட்டித்தான் வெற்றி தோல்வி என்பதால் நைட்ரஸைக் கேமராவுக்குக் கேமரா பிரித்து வையுங்கள். நேர்ரோட்டில் கியர் மாற்றி ஓட்டும் டிராக் ரேஸில் எதிரே ஒரு வண்டியில் நேராக முட்டினால் ரேஸே முடிந்தது, ஆகவே கியரை விட லேனில் கண் இருக்கட்டும்.

கார் என்றால் லம்போர்கினி கல்லார்டோ. நாலு சக்கரமும் இழுக்கும், வளைவில் நம்பி இறங்கலாம். கேரியரில் ஒவ்வொருவராக ஜெயிக்க வேண்டிய 15 எதிராளிகளின் பட்டியலில் 6-ம் இடத்தில் இருக்கும் மிங்கை ஜெயித்த பின் மர்மப் பரிசுகளில் அவன் காரே கிடைத்தால் அதிர்ஷ்டம்.

முடித்த சேவ் ஃபைலை யாரிடமாவது வாங்கி மெமரி கார்டில் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். 15-ம் ஆளான சானியின் கோல்ஃப் தொடங்கி ஒவ்வொருவருக்காகவும் போட்ட ரேஸ்களில்தான் தெருக்கள் மனப்பாடம் ஆகும். குறுக்கே வந்து சேர்ந்தவரால் முதலாம் ஆளான ‘ரேஸர்’ (Razor) என்பவனோடு ஒரு சுற்றுகூட ஒழுங்காக ஓட்ட முடியாது. ஆனால் உங்கள் சொந்த சேவை இன்னொரு கார்டில் காப்பி எடுத்து வைப்பது அவசியம். 2012-ல் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது, கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போய் கேரியரை இழந்த பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. கடலோரத்தில் இருப்பவர்கள் கண்ட்ரோலர் பின்களையும் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பிடித்தால் ஆக்ஸிலரேட்டர் விட்டுவிட்டு வேலை செய்யும்; உலர்ந்த துணியால் அடிக்கடி துடைத்தால் போதும்.

ரேஸரை ஜெயித்ததும் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிடாதீர்கள். கதையின் ஆரம்பத்தில் பறிபோன பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர் கைக்கு வந்த உடனே சார்ஜென்ட் கிராஸ் ஊர் போலீஸையெல்லாம் உங்கள் மேல் ஏவுவார். கதையில் உங்களுக்கு உதவும் மியா ஃபோனில் உடைந்த பாலத்தைப் பற்றிச் சொல்லும் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். மினி மேப்பில் சிவப்பு முக்கோணமாகத் தெரியும் இடங்களை ஆரம்பத்திலேயே இடித்துத் தீர்க்காதீர்கள். அவை இடித்தால் சரிந்து விழுபவை; பின்னால் நாலைந்து போலீஸ் வண்டி சேர்ந்த பிறகு இடித்தால் மொத்தமாக மாட்டும். போலீஸ் ரோட்டை மறித்து நின்றால், டயரைக் கிழிக்கும் ஸ்பைக் போட்ட பக்கத்தை விட்டுவிட்டு, போலீஸ் காரின் டிக்கிப் பக்கத்தில் மோதி நுழையுங்கள்.