பட்டறைக் கேள்வி–பதில்: கார்பைடு டிரில் ஏன் முறிகிறது?

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிறோம். 12 மி.மீ. எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் 8 மி.மீ. துளைகள் போட வேண்டும். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டிரில் சீக்கிரம் மழுங்குகிறதே என்று சாலிட் கார்பைடு (முழுக்க டங்ஸ்டன் கார்பைடால் ஆனது) வாங்கினோம். பெல்ட் டிரில்லிங் மெஷினில் மூன்றாவது துளையிலேயே முறிந்துவிட்டது. சரக்கு மட்டமா?
— வாசகர், குன்னூர்

பதில்: சரக்கைக் குறை சொல்லுமுன் மெஷினைப் பாருங்கள். கார்பைடு வளைந்து கொடுக்காது, முறியும். டிரில்லின் மேல் டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் ஆட்டம் 0.02 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். சாவியால் இறுக்கும் பழைய சக்கில் (டிரில்லைப் பிடிக்கும் பாகம்) அது கிடைப்பது அரிது. கைப்பிடியால் இறக்கும்போது அழுத்தமும் சீராக வராது. தகட்டின் அடியைத் துளைத்து வெளிவரும் நொடியில் டிரில் வெடுக்கென்று உள்ளே இழுக்கப்படும். அங்கேதான் பலதும் போகிறது. இரண்டு துளை கிடைத்ததே அதிர்ஷ்டம்.

இந்த மெஷினுக்கு எம்35 கோபால்ட் டிரில் (கோபால்ட் கலந்த எச்.எஸ்.எஸ்.) போதும். நுனிக் கோணம் 135 டிகிரி இருக்கட்டும். வேகம் 480 ஆர்.பி.எம். அளவில் வையுங்கள். கூலண்ட் நிற்காமல் ஓட வேண்டும். ஒரு துளைக்கு 15 முதல் 20 நொடி ஆகும். மெல்ல மெல்லத் தேய்க்காதீர்கள்: எஸ்.எஸ். 304 உரச உரச இறுகும், அப்புறம் எந்த டிரில்லும் இறங்காது. உங்கள் எச்.எஸ்.எஸ். மழுங்கியதற்கும் அதிக வேகமும் பயந்து பயந்து அழுத்தியதும் காரணமாக இருக்கலாம். தகட்டுக்கு அடியில் ஒரு இரும்புத் தகட்டைச் சேர்த்துக் கிளாம்ப் செய்தால் கடைசி இழுப்பு குறையும்.

வேலையை வி.எம்.சி.-க்கு (கணினி இயக்கும் செங்குத்து மெஷினிங் சென்டர்) கொடுப்பதானால் கார்பைடு தாராளமாகப் போடலாம். டை-ஆல்-என் (டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு) கோட்டிங், 140 டிகிரி நுனி, விட்டத்தைப் போல் 3 மடங்கு நீளம். நீளமானதாக வாங்கி வைப்போம் என்று 8 மடங்கு வாங்கினால் விறைப்புத்தான் குறையும். 2000 ஆர்.பி.எம்., சுற்றுக்கு 0.1 மி.மீ. ஃபீடு (டிரில் இறங்கும் அளவு) என்று தொடங்குங்கள். சிறிய டிரில்லால் முன்துளை போடாதீர்கள். போட்டால் நடுநுனிக்கு வேலையில்லாமல் வெட்டுமுனையின் ஓரங்கள் மட்டும் அடி வாங்கிச் சில்லு பெயரும்.

கேள்வி: அலுமினியத்துக்கும் அதே கோட்டிங் டிரில் ஆகுமா?
— வாசகர், கோத்தகிரி

பதில்: வேண்டாம். டை-ஆல்-என் கோட்டிங்கிலேயே அலுமினியம் இருக்கிறது. உலோகம் வெட்டுமுனையில் அப்பிக்கொள்ளும். கோட்டிங் இல்லாத, பள்ளங்கள் பாலிஷ் செய்த டிரில் வாங்குங்கள். வார்ப்பிரும்புக்கு டை-ஆல்-என் போடலாம். கூலண்ட் இல்லாமல் காற்று ஊதினாலே தூள் வெளியேறும்.

கேள்வி: மழுங்கிய கார்பைடு டிரில்லைப் பட்டறைக் கிரைண்டரில் தீட்டலாமா? வீட்டு வாசல் கருங்கல்லில் கைப்பிடிக் கம்பி நட அதையே பயன்படுத்தலாமா?
— வாசகர், உதகை

பதில்: சாம்பல் நிறச் சாணைக்கல் கார்பைடைத் தீட்டாது. டயமண்ட் வீல் வேண்டும். தீட்டும்போது சூடான டிரில்லைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் விழும். தூளில் கோபால்ட் இருப்பதால் முகக்கவசம் கட்டாயம்.

கருங்கல்லுக்கு அது உதவாது. நீலகிரிப் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட், ரொம்பக் கெட்டி. சுத்தியல் அடியில் சாலிட் கார்பைடு தூள்தூளாகிவிடும். நுனியில் மட்டும் கார்பைடு பதித்த எஸ்.டி.எஸ். பிட்டை (தண்டில் பள்ளம் உள்ள பிட்) ரோட்டரி ஹேமரில் (சுற்றிக்கொண்டே அடிக்கும் டிரில் மெஷின்) போடுங்கள். நான்கு வெட்டுமுனை உள்ளது நல்லது. 2 செ.மீ.-க்கு ஒருமுறை வெளியே இழுத்துத் தூளை ஊதிவிடுங்கள். தூள் அடைத்தால் பிட் சூடேறி, பற்றவைத்த நுனி கழன்றுவிடும்.